சிகரெட் துளையில் தொடங்கிய மின்சாரம்: காருக்குள் பிளக் பாயிண்ட் வந்த கதை

வீட்டில் ஒரு பிளக் பாயிண்ட் கூடுதலாக வேண்டுமென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து சுவரைக் கொத்துவார், பைப் பதிப்பார், ஒயர் இழுப்பார், பூசிவிட்டுப் போய்விடுவார். சுவர் நகராது. அதனால் உள்ளே இருக்கும் ஒயரும் நகராது. இருபது வருடம் அப்படியே கிடக்கும்.

ஆனால் ஓடுகிற வண்டிக்குள் பிளக் பாயிண்ட் வைப்பது எப்படி? அங்கே எல்லாமே ஆடும், குலுங்கும். கதவு திறந்து மூடும், சீட் முன்னும் பின்னும் போகும். இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் நூறு வருட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் கடைசிச் சில அத்தியாயங்கள் சென்னையில் இருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் உள்ள இருங்காட்டுக்கோட்டையிலும் எழுதப்பட்டன என்பது பலருக்குத் தெரியாது.

நகரும் சுவர்

முதலில் வெளிநாட்டு உதாரணம் ஒன்று. அமெரிக்காவில் வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றும் பழக்கம் உண்டு. கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும். நம் ஊர் சினிமா படப்பிடிப்புகளில் நடிகர்களுக்காக நிற்கும் கேரவனைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். அந்த வண்டிகளில் இடம் போதவில்லை என்பதற்காக ஒரு யோசனை வந்தது. வண்டி நின்றதும் பக்கச் சுவரின் ஒரு பகுதி மேசை டிராயரைப் போல வெளியே நீளும். கிளம்பும்போது மறுபடி உள்ளே போய்விடும். மோட்டார் வீடுகளில் இதை முதலில் கொண்டுவந்தது நியூமார் என்ற நிறுவனம், 1990-இல்.

இடப் பிரச்சினை தீர்ந்தது. புதிய பிரச்சினை ஒன்று முளைத்தது. வெளியே நீளும் அந்த அறையிலும் விளக்கு வேண்டும், பிளக் பாயிண்ட் வேண்டும். வீட்டுச் சுவரில் பதிக்கும் விறைப்பான ஒயரை அங்கே போட்டால் சில மாதங்களில் உள்ளே இருக்கும் செம்பு முறிந்துவிடும். அதனால் பல மெல்லிய கம்பிகளை முறுக்கிச் செய்த, வளையக்கூடிய கேபிளைத்தான் போட வேண்டும். அறை முழுவதும் வெளியே வந்தாலும் இழுபடாத அளவுக்கு நீளம் விட வேண்டும். உள்ளே போகும்போது எங்கும் நசுங்கக் கூடாது. கூர்மையான தகரத்தில் உரசக் கூடாது. பிளக் பாயிண்ட் பொருத்துவது பத்து நிமிட வேலை. அதற்குப் பின்னால் இருக்கும் ஒயரை உயிரோடு வைத்திருப்பதுதான் வேலையே!

இந்த ஒரு பாடம்தான் காரின் பிளக் பாயிண்ட் வரலாறு முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது.

துளை வந்த விதம்

காரில் முதன்முதலில் வந்த "பிளக் பாயிண்ட்" மின்சாரம் கொடுப்பதற்காக வைக்கப்பட்டதே அல்ல. சிகரெட் பற்றவைப்பதற்காக வைக்கப்பட்டது.

ஓடும் காரில் காற்றுக்கு நடுவே தீக்குச்சி கிழிப்பது கஷ்டம், ஆபத்தும் கூட. எனவே மின்சாரத்தில் சூடாகும் லைட்டர்கள் வந்தன. ஆரம்பத்தில் அவை நீளமான ஒயரோடு இருந்தன. இழுத்துப் பற்றவைத்துவிட்டு மறுபடி சுருட்டி வைக்க வேண்டும். 1921-இல் அமெரிக்காவில் ஜோஷுவா மோரிஸ் என்பவர் ஒயர் இல்லாமல் கழற்றி எடுக்கக்கூடிய லைட்டருக்குக் காப்புரிமை பெற்றார். துளைக்குள் இருக்கும்போது சூடாகும், கையில் எடுத்தால் ஒயர் கிடையாது. 1950-களில், சூடானதும் "டக்" என்று தானாகவே வெளியே துள்ளும் லைட்டர் பரவியது. ஏறக்குறைய அதே சமயத்தில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட் பேட்டரியை விட்டு 12 வோல்ட்டுக்கு மாறின.

இப்படித்தான் உலகம் முழுவதும் கார்களின் முன்பலகையில் ஒரே மாதிரியான வட்டத் துளை ஒன்று நிலைத்தது. அளவில் ஒன்று, வோல்ட்டில் ஒன்று. யாரும் திட்டமிடாமல் உருவான ஒரு பொதுத் தரம் அது. பிறகு மற்றவர்கள் அந்தத் துளையைப் பார்த்தார்கள். டார்ச் விளக்கு, காற்றடிக்கும் பம்பு, சின்ன மின்விசிறி என்று எல்லாவற்றுக்கும் அதே துளைக்குப் பொருந்தும் முனையைச் செய்தார்கள். மெல்லிய உலோகச் சுருளைச் சில நொடிகள் சூடாக்குவதற்காகச் செய்த துளை அது. மணிக்கணக்கில் மின்சாரம் கொடுப்பதற்குச் சரியான வடிவம் அல்ல. குலுங்கினால் முனை தளரும், தளர்ந்தால் சூடாகும். ஆனாலும் கோடிக்கணக்கான கார்களில் அது இருந்தது. பொருளின் தரத்தை விட அது எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதே சந்தையில் வெற்றி பெறும் என்பதற்கு இந்தத் துளை நல்ல உதாரணம்.

இருங்காட்டுக்கோட்டையில்...

இந்தியாவில் அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்தில் காரில் மின்சாரம் என்றால் ஹெட்லைட், ஹாரன், வைப்பர், ஸ்டார்ட்டர் மோட்டார். வசதியானவர்கள் வண்டியில் ரேடியோ. அவ்வளவுதான்.

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கொல்கத்தாவில் இருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் செல்போனில் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு அது. அடுத்த ஆண்டு, 1996 மே மாதம், ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. அந்த டிசம்பரில் அன்றைய முதல்வர் கருணாநிதி தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார். அப்போது காஞ்சிபுரம் மாவட்டம் என்று தனியாக ஒன்று இல்லை. 1997-இல்தான் அது பிறந்தது. அதற்கு முன்பு இருங்காட்டுக்கோட்டையை அறிந்தவர்கள் பெரும்பாலும் 1990-இல் திறக்கப்பட்ட கார் பந்தய மைதானத்தால் அறிந்தவர்கள். 1998 செப்டம்பரில் அங்கிருந்து சான்ட்ரோ வெளிவந்தது.

கார் இங்கே, செல்போன் எங்கே? அதுவும் பக்கத்திலேயே வந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. சார்ஜ் தேவைப்படும் போனும், சார்ஜ் கொடுக்கும் துளை உள்ள காரும் ஒரே நெடுஞ்சாலை ஓரத்தில் தயாராயின. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். பிறகு அந்த ஆலையைச் சால்காம்ப் என்ற நிறுவனம் வாங்குவதாக 2019-இல் அறிவிக்கப்பட்டது. சால்காம்ப் எதற்குப் பெயர் பெற்றது தெரியுமா? செல்போன் சார்ஜருக்கு!

செல்போன் பரவப் பரவ, காரின் துளைக்குள் சிகரெட் லைட்டரை விட சார்ஜர்தான் அதிகம் நுழைந்தது. கார் நிறுவனங்களும் இதைப் புரிந்துகொண்டன. சூடாகும் லைட்டரை எடுத்துவிட்டு ஒரு மூடியை மட்டும் போட்டு "12 வோல்ட், 120 வாட்" என்று எழுதி வைத்தன. துளை அதே துளைதான், பெயர் மட்டும் பவர் அவுட்லெட். அதன் பிறகு யூ.எஸ்.பி. துளைகள் வந்தன.

இதில் ஒரு வணிகக் கணக்கும் உண்டு. ஒரு காரில் ஒரு சாக்கெட்டும் அதன் ஒயரும் சேர்ந்து 100 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளலாம். வாங்குபவருக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஆண்டுக்கு 5 லட்சம் கார் செய்யும் ஆலைக்கு அது 5 கோடி ரூபாய். விலை குறைந்த மாடல்களில் பின் சீட்டுக்குச் சார்ஜிங் பாயிண்ட் இல்லாமல் போவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். அதனால்தான் பலர் காரை வாங்கிய பிறகு வெளியே கூடுதல் சாக்கெட் போடுகிறார்கள்.

12 வோல்ட்டின் எல்லை

சென்னையில் கார் அலங்காரப் பொருட்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய உதிரி பாகங்களுக்குப் புதுப்பேட்டை என்று சொல்வார்கள். இப்படிப்பட்ட கடைத்தெருக்கள் எல்லா ஊரிலும் உண்டு. அங்கே கூடுதல் சாக்கெட் போடுவது சில நிமிட வேலை. திறமையானவர்கள் பலர் உண்டு. ஆனால் அவசரத்தில் நடக்கும் ஒரு தவறு ஆபத்தானது. ஏற்கெனவே ஓடும் ஏதோ ஒரு ஒயரின் தோலை உரித்து, அதிலேயே புதிய ஒயரைச் சுற்றி டேப் ஒட்டிவிடுவது. கொஞ்ச நாளில் ஃபியூஸ் போகும். அப்போது 15 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 30 ஆம்பியர் போட்டால் "பிரச்சினை தீர்ந்தது" என்று நினைப்பார்கள்.

உண்மையில் அப்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது. ஃபியூஸ் காப்பாற்றுவது சாக்கெட்டை அல்ல, ஒயரை. ஒயரில் ஓடும் மின்னோட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். பெரிய ஃபியூஸ் போட்டால் ஃபியூஸ் பிழைக்கும், ஒயர் உருகும். அந்த ஒயர் இருப்பதோ கம்பளத்துக்கும் சீட்டுக்கும் அடியில். கண்ணுக்கே தெரியாது.

ஒரு எளிய கணக்கு. 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை வீட்டில் 230 வோல்ட்டில் போட்டால் ஏறக்குறைய 4.3 ஆம்பியர் மின்னோட்டம் போதும். அதே 1000 வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால் 83 ஆம்பியர் வேண்டும்! அதற்கு விரல் தடிமனில் கேபிள் தேவை. காரின் சின்னத் துளையில் 120 வாட்டுக்கு மேல் கேட்கக் கூடாது என்று எழுதியிருப்பதன் காரணம் இதுதான்.

பேட்டரிக்கும் எல்லை உண்டு. சின்னக் காரில் இருக்கும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி முழுவதையும் கணக்கிட்டால் 420 வாட்-மணி. மின்வாரியக் கணக்கில் சொன்னால் அரை யூனிட் கூட இல்லை. அதையும் முழுவதும் எடுத்துவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

ஒயர் கட்டும் கைகள்

காருக்குள் ஓடும் ஒயர்களை நீட்டி வைத்தால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். இவை தனித்தனியாகக் காரில் போடப்படுவதில்லை. பெரிய பலகை ஒன்றில் வரைபடம் போல ஆணிகள் அடித்து, அதன் மேல் ஒயர்களைப் பரப்பி, கப்ளர் மாட்டி, டேப் சுற்றி, மரக்கிளை போன்ற ஒரு கட்டாகச் செய்கிறார்கள். இதற்கு வயரிங் ஹார்னஸ் என்று பெயர். ஹூண்டாய்க்கு இதைச் செய்து கொடுப்பதற்காகக் கொரியாவின் கியுங்ஷின் நிறுவனமும் இந்தியாவின் மதர்சன் குழுமமும் சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கின.

காரின் உடலை வெல்டிங் செய்ய ரோபோ வந்துவிட்டது. பெயிண்ட் அடிக்க ரோபோ வந்துவிட்டது. ஆனால் ஒயர் வளையும், நெளியும். ரோபோவுக்கு அது இன்னும் பிடிபடவில்லை. எனவே இந்த வேலை பெரும்பாலும் மனிதக் கைகளால்தான் நடக்கிறது. இத்துறையில் பெண் தொழிலாளர்கள் மிக அதிகம். நாள் முழுவதும் நின்றுகொண்டு, ஒரே நிறத்தில் ஒரே இடத்தில் ஒரே கப்ளரை மாட்டும் வேலை அது. ஒரு கப்ளர் முழுவதும் உட்காராமல் போனால் எங்கோ ஒரு குடும்பத்தின் கார் நடுவழியில் நிற்கும்.

இந்த வேலையின் மதிப்பு 2022-இல் உலகத்துக்கே தெரிந்தது. உக்ரைனில் போர் தொடங்கியதும் அங்கிருந்த ஹார்னஸ் ஆலைகள் முடங்கின. அதனால் ஜெர்மனியில் பெரிய கார் ஆலைகளே உற்பத்தியை நிறுத்த வேண்டியதாயிற்று. எஞ்சின் இருந்தது, உடல் இருந்தது, ஆள் இருந்தார்கள். ஒயர் கட்டு இல்லை. கார் இல்லை!

டிசம்பர் மாதங்கள்

காரின் மின்சாரம் வெறும் சொகுசு அல்ல என்பதைச் சென்னைப் பகுதிக்குக் கற்றுக்கொடுத்தவை டிசம்பர் மாதங்கள். 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெருவெள்ளம். இருங்காட்டுக்கோட்டைக்கு அருகில்தான் செம்பரம்பாக்கம் ஏரி. அந்த நாட்களில் இந்தத் தடத்தின் கார் ஆலைகளும் உற்பத்தியை நிறுத்தின. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல். 2023 டிசம்பரில் மிக்ஜாம். ஒவ்வொரு முறையும் பல இடங்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை.

கரண்ட் இல்லாத ஊரில் போன் செத்துவிட்டால் எல்லாத் தொடர்பும் செத்துவிடும். படகு கேட்க வேண்டும், மருந்து கேட்க வேண்டும், "உயிரோடு இருக்கிறோம்" என்று அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட இரவில் தண்ணீர் ஏறாத மேட்டில் நிற்கும் ஒரு கார் தெருவுக்கே சார்ஜிங் நிலையம் ஆகிவிடும். சிகரெட்டுக்காக வந்த துளை உயிர் காக்கும் துளை ஆகும் நேரம் அது. ஆனால் மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டு சார்ஜ் போடக் கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டார்.

ஜப்பான் இதே பாடத்தை 2011 நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் கற்றது. டொயோட்டாவின் எஸ்டிமா ஹைபிரிட் வண்டியில் 2001-லேயே 1500 வாட் தரும் வீட்டு சாக்கெட் இருந்தது. நிலநடுக்கத்துக்குப் பிறகு, 2012-இல், நிசான் தன் லீஃப் மின்சாரக் காரில் இருந்து வீட்டுக்கே மின்சாரம் கொடுக்கும் கருவியை ஜப்பானில் கொண்டுவந்தது. காருக்கு வீடு மின்சாரம் கொடுத்தது போய், வீட்டுக்குக் கார் மின்சாரம் கொடுக்கும் காலம் தொடங்கியது.

நகரும் மேசை

இருங்காட்டுக்கோட்டையில் இந்த மாற்றம் படிப்படியாக வந்தது. 2019 ஜூலையில் ஹூண்டாய் கோனா எலக்ட்ரிக் அறிமுகமானது. விலை 25.30 லட்சம் ரூபாயில் தொடங்கியது. 2023 ஜனவரியில் அயோனிக் 5 வந்தது, 44.95 லட்சம் ரூபாய்க்கு. உதிரி பாகங்களாக வரவழைக்கப்பட்டு இங்கே பூட்டப்பட்ட கார் அது.

அயோனிக் 5-இல் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, முன் சீட்டுகளுக்கு நடுவில் இருக்கும் மேசை போன்ற பகுதி. அது முன்னும் பின்னும் 140 மில்லிமீட்டர் நகரும். போனை வைத்தால் ஒயர் இல்லாமல் சார்ஜ் ஆகும் தட்டு அதன் மேலேயே இருக்கிறது. அதாவது மேசை நகர்ந்தால் சார்ஜிங் தட்டும் நகரும், அதன் ஒயரும் கூடவே போக வேண்டும். அமெரிக்க வண்டி வீட்டின் நகரும் அறைக்கு இருந்த அதே பிரச்சினை, சின்ன அளவில்! தீர்வும் அதேதான். வளையும் கேபிள், போதுமான நீளம், நசுங்காத பாதை.

இரண்டாவது, அந்தக் காரில் வீட்டுச் சாதனங்களை நேரடியாகச் செருகலாம். 3.6 கிலோவாட் வரை கொடுக்கும். காரைச் சார்ஜ் செய்யும்போது வீட்டு மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றவாறு மாற்றும் கருவி, இப்போது தலைகீழாக வேலை செய்து பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிறது. பழைய துளையின் 120 வாட்டோடு ஒப்பிட்டால் 30 மடங்கு.

2025 ஜனவரியில் வந்த கிரெட்டா எலக்ட்ரிக், விலையை 17.99 லட்சம் ரூபாய்க்குக் கொண்டுவந்தது. அதிலும் இந்த வசதி உண்டு. அதன் பெரிய பேட்டரி 51.4 யூனிட் கொள்ளும். 2025-இல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக இருந்தது. அதில் பாதி, ஒரு காருக்குள்! புயல் நாளில் இரண்டு ஃபேன், நான்கு எல்.இ.டி. விளக்கு, ஒரு ஃபிரிட்ஜ், போன்கள் என்று ஓட்டினால் ஒரு நாளைக்கு சுமார் 6 யூனிட். காரை ஓட்டுவதற்கு ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைத்தாலும், இடையில் வீணாவது போக, ஐந்து நாளாவது தாங்கும்.

ஆனால் இங்கேயும் ஒரு எச்சரிக்கை. காரில் இருந்து எக்ஸ்டென்ஷன் போர்டு இழுத்து அதில் சாதனங்களைச் செருகலாம். அதை வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில் செருகி வீடு முழுவதற்கும் கொடுக்க முயலக் கூடாது. அந்த மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்குப் போகும். அறுந்த கம்பியைக் கட்டிக்கொண்டிருக்கும் லைன்மேன் கரண்ட் இல்லை என்று நம்பிக் கை வைப்பார். நான்கு வீட்டுக்கு வெளிச்சம் கொடுக்க வந்தவர் உயிர் போய்விடும்.

முடிவாக...

1921-இல் ஒரு சிகரெட், 1995-இல் ஒரு செல்போன், 2025-இல் ஒரு வீடு. காரின் சாக்கெட்டிடம் மனிதன் கேட்டது கூடிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் கேள்வி ஒன்றுதான். பின்னால் இருக்கும் ஒயர் எவ்வளவு தாங்கும்?

காரில் பிளக் பாயிண்டைப் பார்ப்பவர்கள் அதன் பளபளப்பான மூடியைத்தான் பார்க்கிறார்கள். அதற்குப் பின்னால் சரியான தடிமனில் ஒரு ஒயர் இருக்கிறது. சரியான அளவில் ஒரு ஃபியூஸ் இருக்கிறது. அந்த ஒயரைப் பலகையில் பரப்பிக் கட்டிய ஒரு தொழிலாளியின் கை இருக்கிறது. அடுத்த முறை கூடுதலாக ஒரு சாக்கெட் போடச் சொல்லும்போது "எத்தனை ரூபாய்?" என்று கேட்பதற்கு முன் "எந்த ஒயரில் இருந்து எடுக்கிறீர்கள்? தனி ஃபியூஸ் உண்டா?" என்று கேட்டால் போதும். இந்த நூறு வருட வரலாறு சொல்லித்தரும் பாடம் அந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும்.